சத்தத்தைக் குறைக்கிற கை: இசைச் சிகிச்சையா, டிஜேயா, ஊர் மேளமா?

நான் திருகோணமலையில் 28 வருடமாக ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். கோயில் திருவிழா, கலியாணவீடு, சாமத்தியவீடு, தேர்தல் கூட்டம் என்று எங்கும் ஒரு மூலையில் வயர்ச் சுருளோடு நிற்கிற ஆள். கீழே ஒப்பிடப்போகிற வழிகளில் ஒன்று டிஜே மேசை. அது வென்றால் எனக்கும் கொஞ்சம் வியாபாரம் நடக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

விசயம் இதுதான். கனடாவில் இருக்கிற எங்கள் ஊர்ச்சனம் சேர்ந்து சங்கத்துக்கு 5 இலட்சம் ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள். சண்டையில் நின்று வந்தவர்களின் மனநலத்துக்கு இசையால் ஏதாவது செய்யவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அங்கே படையில் இருந்து வந்தவர்களுக்கு டிஜே பழக்குகிறார்களாம். அதைக் கேட்டதில் பிடித்த ஆசை. இதற்கு முன்னர் எங்களுக்கு வந்த உதவிகள் கோழி, ஆடு, தையல் மெசின். கோழி செத்தது, ஆடு விற்றாயிற்று, மெசின் இன்னும் ஓடுகிறது. பாட்டுக்கென்று காசு வந்தது இதுதான் முதல்தடவை. எப்படிச் செலவழிப்பது என்று மூன்று கூட்டம் கூடிக் கதைத்தோம். வேறு ஊர்களுக்கும் இதே கேள்வி வரக்கூடும் என்பதால் அந்தக் கதையை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

பட்டியலில் 18 பேர். பெரும்பாலானோர் முன்னாள் போராளிகள். 2009 மே மாதம் எல்லாம் முடிந்த பிறகு ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குள் போய் வெளியே வந்தார்கள். எங்கள் ஆட்களும் அதில் அடக்கம். நாலு பேர் பெண்கள். ஒருவர் மூதூர்ப் பக்கத்து முஸ்லிம், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர். மற்றப் பக்கத்தில், அரசாங்கத்தின் ஊர்காவல் படையில் நின்றவர். இப்போது எங்கள் சந்தியில் மீன் விற்கிறார். அவரையும் சேர்ப்பதா என்று ஒரு கூட்டம் முழுக்க இழுபட்டது. "அவருக்கும் நித்திரை வராது, எனக்கும் வராது. பிறகென்ன?" என்று ஒருவர் கேட்டதோடு அந்தக் கதை முடிந்தது.

எனக்கு இந்தக் காசு வருவதற்கு முன்னரே ஒரு பாடம் நடந்திருந்தது. உப்புவெளிப் பக்கம் ஒரு கலியாணவீடு. இரண்டு 18 அங்குல சப் பெட்டி, அடித்தொனிக்கான பெரிய ஒலிபெருக்கி, போட்டிருந்தேன். டிஜேத் தம்பி ஒரு பாட்டின் நடுவில் சத்தத்தை முழுதாக எடுத்து, நாலு எண்ணிக்கை அமைதி விட்டு, பேஸை, அந்த அடித்தொனியை, திரும்ப இறக்கினான். பெடியள் துள்ளினார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர், ஒரு கால் பொய்க்கால், கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனார். பின்னால் போய்ப் பார்த்தேன். மதிலில் முதுகை ஒட்டி நின்றார். சேர்ட் முழுக்க வியர்வை.

"பாட்டு பிடிக்கேல்லையோ அண்ணை?"

"பாட்டில பிழையில்லைத் தம்பி. அது காதால வரேல்ல. நெஞ்சால வந்தது."

சவுண்ட்காரனுக்கு அது விளங்கும். 60 ஹேர்ட்சுக்குக் கீழே போகிற சத்தம் காதில் கேட்பதைவிட உடம்பில் அடிப்பதுதான் அதிகம். தூரத்தில் விழுகிற ஷெல்லும் அப்படித்தான் வரும், முதலில் தரையால். அவரைக் கூட்டிவந்து மிக்சருக்குப் பக்கத்தில் இருத்தி, சப்பின் குமிழைக் காட்டினேன். குறைத்தார். கொஞ்சம் கூட்டினார். திரும்பக் குறைத்தார். அரை மணித்தியாலம் அந்தக் குமிழோடேயே இருந்தார். பிறகு சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அதைச் சிகிச்சை என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் மூன்று வழிகளையும் நிறுக்கும்போது அந்தக் குமிழ்தான் எனக்குப் படிக்கல்லாக இருந்தது. சத்தத்தைக் குறைக்கிற கை யாருடையது என்பதை ஒவ்வொன்றிடமும் கேட்டுப் பார்த்தேன்.

இசைச் சிகிச்சை என்றதும் எங்கள் தலைவர் நினைத்தது, பாய் விரித்து ஆட்களைப் படுக்கவைத்து வீணை சீடி போடுவது. அது இசை கேட்பது. நல்லதுதான், அதற்கு 5 இலட்சம் தேவையில்லை. இசைச் சிகிச்சை என்பது அதற்கென்று படித்த ஒருவர், ஒரு ஆளைப் பார்த்து, அவருக்கு என்ன தேவை என்று கணித்து, ஒரு நோக்கத்தோடு வாரா வாரம் செய்து, மாற்றத்தை எழுதிவைக்கிற வேலை. இந்தத் தொழில் போரில் இருந்து வந்தவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில் வளர்ந்தது. உலகப் போர்களில் காயப்பட்ட படையினர் நிறைந்துகிடந்த அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் போய் வாசித்தார்கள். நோயாளிகளில் மாற்றம் தெரிந்தது. ஆனால் வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, நொந்த மனிதரோடு எப்படி இருப்பது என்றும் படிக்கவேண்டும் என்று சீக்கிரமே விளங்கிவிட்டது. 1944இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்கான படிப்பு தொடங்கியது. 1950இல் தேசியச் சங்கம் உருவானது.

வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது என்ற அந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். நானும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தவன்தான்.

அவர்கள் செய்வதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆள் இருக்கிற மனநிலையில் இருந்தே இசையைத் தொடங்குவது. கோபத்தில் இருக்கிறவருக்குக் கோபமான தாளம், சோர்ந்து கிடக்கிறவருக்குச் சோர்ந்த நடை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடையை மாற்றி ஆளையும் கூடவே நகர்த்துவது. அழுகிறவளுக்கு முன்னால் கும்மாளப் பாட்டுப் போடக்கூடாது என்பது எங்கள் ஒப்பாரிக்காரிகளுக்கும் தெரிந்ததுதானே. இன்னொன்று மேளம். நோயாளி தன் பாட்டில் அடிப்பார். சிகிச்சையாளர் அந்த அடியைப் பிடித்துக் கீழே தாங்கிக்கொண்டு வாசிப்பார். நோயாளி நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். கை நோயாளியுடையது. அது நடுங்கினால் ஏந்திப்பிடிக்கிற இன்னொரு கையைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பலன் என்ன என்று கேட்டால், அளவோடுதான் சொல்லவேண்டும். மனச்சோர்வுக்கான ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் 9 ஆய்வுகள், 421 பேர். வழக்கமான வைத்தியத்தோடு இசைச் சிகிச்சையும் சேர்ந்தபோது குறுகிய காலத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது என்பது அதன் முடிவு. வழக்கமான வைத்தியத்தோடு என்ற சொல்லைத் தவறவிடவேண்டாம். சண்டையால் மனவடுப்பட்ட இஸ்ரேலியப் படையினரோடு குழுவாக மேளம் அடித்துப் பார்த்த ஒரு ஆய்வு 2008இல் வந்தது. தனிமை குறைந்தது, அடைபட்டிருந்த ஆத்திரத்துக்கு வழி கிடைத்தது, தன்னைத் தானே ஆளுகிற உணர்வு திரும்பியது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதில் இருந்தவர்கள் 6 பேர்தான். மனவடுவுக்கு என்ன செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் கொடுத்த வழிகாட்டலில் முன்னால் நிற்பவை மனவடுவை நேரடியாகக் கையாளும் பேச்சுவழிச் சிகிச்சைகள். இசை அந்த வரிசையில் இல்லை. கனடாவுக்கு நான் இதை அப்படியே எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் வரவில்லை.

எங்கள் நிலைமையில் இந்த வழியின் சிக்கல் ஆள். தமிழில் இதைச் செய்யக்கூடிய, பட்டம் பெற்ற ஒருவரை நாங்கள் தேடித் திருகோணமலையில் பிடிக்க முடியவில்லை. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே இசை படித்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், அருமையான பிள்ளைகள். ஆனால் அவர்கள் படித்தது இசை. மொழிபெயர்ப்பாளரை வைத்துச் செய்யலாமே என்று ஒருவர் சொன்னார். முகாம் விசாரணையில் ஒருமுறை மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் இருந்து எழும்பியவர்களிடம் அந்தச் சொல்லே எடுபடவில்லை.

சூமில் செய்யலாம் என்றார்கள். இதற்குப் பதில் சொல்ல நான் தகுதியான ஆள். இரண்டு பேர் சேர்ந்து தாளம் பிடிக்கவேண்டுமென்றால் ஒருவரின் அடி மற்றவருக்கு ஒரு செக்கனை 1,000 பங்காக்கினால் அதில் 30 பங்குக்குள் போய்ச்சேரவேண்டும். அதைத் தாண்டினால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்துப் பிந்திக்கொண்டே போவார்கள். இணைய வழிக் கூட்டங்களில் அந்தப் பிந்தல் சாதாரணமாகவே அதைப்போல் பல மடங்கு. ஆக, சூமில் கதைக்கலாம், பாட்டுக் கேட்டுவிட்டு மனதில் வந்ததைச் சொல்லலாம், பாட்டு எழுதலாம். சேர்ந்து மேளம் அடிக்க ஏலாது. இசைச் சிகிச்சையின் பாதி அங்கேயே போய்விடுகிறது.

இனி டிஜே. டிஜே என்றால் ஒரு பொடியன் கறுப்புக் கண்ணாடியோடு கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது என்று ஊரில் ஒரு எண்ணம். உண்மையில் அது ஒரு தாள வேலை. ஓடிக்கொண்டிருக்கிற பாட்டு நிமிடத்துக்கு 96 அடி, அடுத்த பாட்டு 100 அடி என்று வையுங்கள். ஓடுகிறதை 4 வீதத்துக்குச் சற்று மேலே வேகப்படுத்தினால் இரண்டும் ஒரே நடைக்கு வரும். பிறகு இரண்டின் சமமும், தாளத்தின் முதல் அடியும், ஒன்றாய் விழுகிற இடத்தைக் காதால் பிடித்து, ஒன்றை மெல்ல இறக்கி மற்றதை ஏற்றவேண்டும். இப்போதைய மென்பொருட்களில் இதைத் தானாகச் செய்கிற பொத்தானும் உண்டு. ஆனால் எங்கள் ஆட்கள் கேட்பது 80களின் சினிமாப் பாட்டு. அந்தக் காலத்தில் மனிதர் கையால் வாசித்துப் பதிந்தவை. பாட்டின் நடுவில் நடை ஒரு துளி கூடும், குறையும். பொத்தான் அங்கே தடுமாறும். கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். அந்த நாலு நிமிடத்துக்குள் வேறு எதையும் நினைக்க ஏலாது. நித்திரை இல்லாமல் பழசையே அரைத்துக்கொண்டிருக்கிற மனதுக்கு அந்த நாலு நிமிடம் சின்ன விசயமா?

இன்னொரு காரணம் எனக்குப் பிறகுதான் பட்டது. சண்டையில் நின்றவர்களில் பலருக்கு இரண்டு காதையும் மூடுவது ஆகாது. பின்னால் யார் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கண்ணை மூடி ஹெட்போன் போட்டு ஆறுதலாகப் படுங்கள் என்றால் அவர்களுக்கு அது ஆறுதல் இல்லை, வதை. டிஜே ஒரு காதில் மட்டும்தான் ஹெட்போன் வைப்பார். மற்றக் காது மண்டபத்துக்கு. கண் சனத்தைப் பார்த்தபடி. முதுகுக்குப் பின்னால் சுவர். சென்ரியில், காவலில், நின்ற மனிதருக்கு இதைவிடப் பழக்கமான நிலை வேறு உண்டா என்று நான் யோசித்தது கொஞ்சம் பகிடியாகத்தான். பிறகு என் வீட்டு வராந்தாவில் ஒரு பரீட்சை வைத்தேன். நாலு பேர் வந்தார்கள். அதில் ஒரு அக்கா முன்பு தொலைத்தொடர்பில் இருந்தவர். ஹெட்போனைக் கண்டாலே அவருக்குப் பழசு கிளம்பும், கூப்பிடாமல் விடுவோம் என்று நாங்கள் ஆண்கள் எங்களுக்குள் முடிவெடுத்து வைத்திருந்தோம். அவர் தானாக வந்தார். இரண்டாம் நாளே மற்ற மூவரையும்விட நேர்த்தியாகப் பாட்டை இணைத்தார். "ஒரு காதில ஒண்டு, மற்றக் காதில ஒண்டு. இரைச்சலுக்குள்ள ரெண்டையும் பிரிச்சுக் கேக்கிறது. இதைத்தானே தம்பி நான் எட்டு வரியம் செய்தனான்" என்றார். ஆரைக் கேட்டு அவருக்காக முடிவெடுத்தோம் என்று எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

செலவைப் பார்த்தால் டிஜே ஒன்றும் பெரிய கோட்டை இல்லை. பயோனியர் டிடிஜே எஃப்எல்எக்ஸ்4 போன்ற, பாட்டுகளைக் கலக்கிற சின்னக் கொன்ட்ரோலர் வெளிவந்தபோது அமெரிக்காவில் 300 டொலரை ஒட்டி விற்றது. இங்கே வந்துசேர வரியோடு ஏறும். மிக்ஸ் என்கிற இலவச மென்பொருள் பழைய லப்டொப்பிலும் ஓடும். 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 தட்டுச் சுழலிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆட்கள் உண்டு. அது அழகுக்கு. எங்களுக்குத் தேவை இரண்டு சின்னப் பெட்டி. சப் பெட்டி கிடையாது, அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஆபத்துகளுக்கு வருகிறேன். முதலாவது காது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் தாங்கலாம் என்பது தொழிலிடக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணித்தியாலம்தான். கலியாணவீட்டில் டிஜே மேசைக்கு முன்னால் 100 என்பது அதிசயமே இல்லை, என் வாயால் ஒத்துக்கொள்கிறேன். வெடிச்சத்தத்தில் நின்றவர்களின் காது ஏற்கெனவே அடிபட்டது. அமெரிக்காவில் படையில் இருந்து வந்தவர்கள் உதவிப்பணம் பெறுகிற குறைபாடுகளில் காதுக்குள் இரைகிற நோய்தான் முதலாம் இடம். எங்கள் 18 பேரில் ஒருவருக்கு இடது காது முழுதாகக் கேளாது. சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனைப் போட்டால் பாட்டின் பாதி வாத்தியம் அவருக்கு இல்லை. இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி மோனோவில் கொடுக்கவேண்டும். ஒரு நிமிட வேலை, ஆனால் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இரண்டாவது இரவும் குடியும். டிஜே தொழிலாகப் போனால் அது மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில், போத்தல் திறக்கிற நேரத்தில். குடியை விடப் பாடுபடுகிற ஆறு பேர் எங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டுபோய் அங்கே நிறுத்த நான் உடன்படமாட்டேன். உழைப்பு வரும் என்று கனடாவில் நினைக்கிறார்கள். கொஞ்சம் வரலாம். ஆனால் 45 வயது ஆளுக்கு, ஒரு கை ஒழுங்காக மடங்காத ஆளுக்கு, 22 வயதுப் பொடியனை நிறுத்திவிட்டு வேலை கொடுக்கிற முதலாளி யார்? கலியாணவீட்டில் பெரியவர்கள் இருந்து சாப்பிடுகிற ஒரு மணித்தியாலம் பழைய பாட்டுப் போட ஆள் தேடுவார்கள், அது வாய்க்கலாம். 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பது எங்கள் தொழிலுக்கு அடிதான். இந்த விசயத்தில் அது நன்மை.

மூன்றாவது பாட்டு. எந்தப் பாட்டைப் போடுவது? அந்தக் காலத்து எழுச்சிப் பாட்டு ஒன்று யாருடைய போனிலாவது இருக்கும். போட்டால் ஒருவர் அழுவார், ஒருவர் எழும்பி நிற்பார், ஒருவர் வீடியோ எடுப்பார், அடுத்த நாள் என்ன கூட்டம் என்று கேட்க ஆள் வரும். அதனால் ஒரு விதி வைத்தோம். யார் எந்தப் பாட்டை வேண்டாம் என்றாலும் காரணம் கேட்காமல் எடுத்துவிடவேண்டும். பரீட்சையில் முதலில் வெட்டுப்பட்டது ஒரு காதல் பாட்டு. காரணம் கேட்கவில்லை.

மூன்றாம் வழி எங்களிடம் ஏற்கெனவே இருப்பது. கயிலைக்குக் கீழே நசிபட்ட இராவணன் தன் நரம்பையே எடுத்து வீணையாக்கிப் பாடித்தான் தப்பினான் என்ற கதை வழங்குகிற ஊர் இது. கோணேசர் மலையில் அவன் வெட்டிய இடத்தைப் பார்க்கச் சனம் வரும். எங்கள் சங்கத்தில் ஒரு பெரியவர் அந்தக் கதையை மூன்று கூட்டத்திலும் சொன்னார். காசை எப்படிப் பிரிப்பது என்று அதில் இல்லை.

ஆனால் அவர் சொன்ன இன்னொன்று என்னை விடவில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் நடக்கிற குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டு அடங்காத கோபத்தோடு வருகிற ஒருத்திக்கு முன்னால் அவளுடைய வழக்கை முழுக்கப் பாடுகிறார்கள். நடந்த அநியாயத்தில் ஒன்றையும் விடுவதில்லை. பாடி முடித்துத்தான் குளிரப்பண்ணுகிறார்கள். ஆள் இருக்கிற மனநிலையில் இருந்து தொடங்கவேண்டும் என்று மேலே சொன்னேனே, அதையே இவர்கள் உடுக்கோடு செய்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மனவடு தனி ஆளை மட்டும் தாக்குவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது என்று எழுதிவந்தவர். எங்கள் சடங்குகளையும் பழக்கவழக்கங்களையும் வைத்தியத்தோடு சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பதும் அவர் கருத்து.

இந்த வழிக்குச் செலவு குறைவு. யாருக்கும் நோயாளி என்றோ முன்னாள் என்றோ பட்டம் ஒட்டத் தேவையில்லை. பாட்டுப் பழகப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வரலாம். பெண்கள் நாலு பேரும் பின்னேரப் பாட்டுக்கு உடனே சம்மதித்தார்கள், இரவு என்றால் இல்லை. சிக்கல்கள் வேறு மாதிரி. கண்ணகியின் காவியம் பாடினால் சைவ ஆட்களுக்குச் சரி, கிறிஸ்தவர்களான இரண்டு வேதக்காரர் இருக்கிறார்கள், காக்கா இருக்கிறார். பறை வைப்போம் என்றால் யார் அதைத் தொடுவது, யாரை அடிக்கச் சொல்வது என்று ஊர்ச் சாதிக்கதை தலைதூக்கும். தூக்கியது. உடுக்குக்கு இன்னொரு ஆபத்து. சிலருக்கு உரு, சாமியாடுகிற நிலை, வந்துவிடும். கோயிலில் என்றால் பூசாரியாருக்கு இறக்கத் தெரியும், தண்ணீர், திருநீறு, ஒரு முறை உண்டு. சங்க மண்டபத்தில் கதிரைகளுக்கு நடுவில் உரு வந்தால் நான் என்ன செய்வது, பிளக்கைக் கழற்றுவதா?

கடைசியில் காக்காதான் றபானை, ஒரு பக்கம் தோல் கட்டிய வட்ட மேளத்தை, சொன்னார். "எனக்கு நாலு அடிதான் தெரியும். பாவாமார் அடிக்கிறதப் பாத்துப் பழகினது. அதக் காட்டித்தாறன்." வெறுங்கையால் அடிக்கிறது, மடியில் வைக்கலாம், சத்தம் நெஞ்சில் குத்தாது, எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை. சேர்ப்பதா விடுவதா என்று ஒரு கூட்டம் முழுக்கக் கதைத்த ஆளிடம் இருந்து அது வந்தது.

ஆனால் குழுவாகப் பாடும்போதும் அடிக்கும்போதும் என் படிக்கல் சறுக்குகிறது. அங்கே குமிழ் இல்லை. பத்துப் பேர் அடிக்க, ஒருவருக்குத் தாங்கவில்லை என்றால் அவர் எழும்பிப் போவதுதான் வழி. எழும்பிப் போகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். டிஜே மேசையில் ஒரு விரல் போதும். அதனால் றபானுக்கும் ஒரு ஏற்பாடு: யார் கையை உயர்த்தினாலும் எல்லோரும் தாளத்தை விடாமல் சத்தத்தை மட்டும் பாதியாக இறக்கவேண்டும். பழக்கினால் இது விளையாட்டு மாதிரி வந்துவிடும். குழந்தைகளோடு செய்துபார்த்தேன், வேலை செய்கிறது.

கிட்டார் பழக்குவது பற்றியும் ஒருவர் கேட்டார். அமெரிக்காவில் மில்வோக்கியில் 2007இல் தொடங்கிய ஒரு அமைப்பு படையில் இருந்து வந்தவர்களுக்கு அதைத்தான் செய்கிறது, முடிவில் கிட்டாரையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எங்களில் விரல் இழந்தவர்கள் மூவர், கம்பி கேட்டவர் ஒருவரும் இல்லை. விட்டோம். நித்திரைக்குப் பாட்டுத் தொகுத்துப் போனில் போட்டுக் கொடுப்பது செலவில்லாத வேலை. அதைக் கூட்டம் நடக்கும்போதே ஏழு பேருக்குச் செய்து கொடுத்துவிட்டேன், அரை மணித்தியாலத்தில் தானாக நிற்கிற மாதிரி.

இனிக் கணக்கு. இப்போது பொறுக்கமுடியாமல் இருக்கிற ஆளுக்கு, சாகலாம் என்று நினைக்கிற ஆளுக்கு, வீட்டில் அடிதடி வரை போன ஆளுக்கு, இந்த மூன்றும் முதல் மருந்து இல்லை. பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவும், இரவில் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கமும் முதலில். எங்கள் பட்டியலில் மூவரை அப்படித்தான் அனுப்பினோம், ஒருவரோடு நானே ஓட்டோவில் போனேன். அவர்கள் கிளினிக்குக்குப் போய்க்கொண்டே றபானுக்கும் வரலாம்.

வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கிறவர்களுக்கு, அவர்கள்தான் அதிகம், பாட்டும் றபானும் முதலில். சனிக்கிழமை பின்னேரம் 3 மணியில் இருந்து 5 மணி வரை, மூன்று மாதம். அதற்குள் ஆட்களுக்கு ஆட்கள் பழகிவிடுவார்கள். அதன்பிறகு விருப்பமானவர்களுக்கு டிஜே மேசை, பகலில் மட்டும். ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு பேர் பெண்கள். அதற்கு நாங்கள் சிகிச்சை என்ற பெயர் வைக்கப்போவதில்லை. ஒரு வேலை, ஒரு விளையாட்டு, விரலுக்குக் கீழே ஒரு குமிழ். அந்த அளவில் அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இசைச் சிகிச்சையை அறவே விடவுமில்லை. வெளிநாட்டில் இருக்கிற, தமிழ் கதைக்கிற, இதைப் படித்த ஒருவரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை சூமில் பிடிப்பது. 18 பேரை அவர் பார்க்கமாட்டார். எங்கள் உளவளத்துணையாளரையும் என்னையும் காக்காவையும் பார்ப்பார். ஒருவர் நடுங்கினால் என்ன செய்வது, எப்போது நிறுத்துவது, எதைக் கேட்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தருவார். 5 இலட்சத்தில் 2 இலட்சம் இதற்கு. டிஜே சாமானுக்கு ஒன்றரை, பெட்டியும் வயரும் என்னுடையது, அதற்குக் காசில்லை. றபானுக்கும் பாய்க்கும் 50 ஆயிரம். மிச்சம் 1 இலட்சம் பஸ் காசுக்கும் தேத்தண்ணிக்கும். இந்தக் கடைசிக் கணக்கைக் கண்டு கனடாவில் ஒருவர் கோபப்பட்டாராம், தேத்தண்ணிக்கா காசு சேர்த்தோம் என்று. கூலிக்குப் போகிற ஆள் அரைநாள் கூலியை விட்டுவிட்டுத் தம்பலகாமத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வரவேண்டும் என்பதை அங்கிருந்து பார்த்தால் தெரியாது. வட்ஸ்அப்பில் அரை மணித்தியாலம் கதைத்தேன். சம்மதித்தார், கணக்குப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பவேண்டும் என்ற நிபந்தனையோடு.

போன கிழமை மண்டபத்தைப் பார்க்கப் போனோம். மேசை எங்கே வருவது, கதவு யாருடைய கண்ணுக்குத் தெரியவேண்டும், பின்பக்க யன்னலை அடைப்பதா என்று அளந்துகொண்டிருந்தேன். அந்தக் கலியாணவீட்டு அண்ணையும் வந்திருந்தார், பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசற்படியில் இருந்தார். இரண்டு பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. றபானா டிஜேயா, எதில் எழுத என்று கேட்டேன்.

"உந்த மெயின் சுவிச் எங்க கிடக்கு?"

காட்டினேன்.

"எனக்கு ஒரு கதிரை அதுக்குப் பக்கத்தில போடு. காணும்."